சீட்டில்லாமல் போனது

லாபிஸ் மில்லில் எடைமேடைக் கிளார்க் நான்.
பத்தொன்பது வருஷமாய் ஒரே கண்ணாடி ஜன்னல்.
லோரி ஏறும், எண் நடுங்கும், பிறகு நிற்கும்.
எந்த பிளாக், எத்தனை டன் குலை,
சீட்டு ஒன்று, நகல் இரண்டு.
சீட்டில்லாமல் ஒரு கொட்டைகூட
என்னைத் தாண்டி உருண்டதில்லை.

ஆனால் வெறும் வயிற்றில் ஒன்பது என்று வந்தது.
தே ஓ கோசோங் குடிக்கப் பழகிய பிறகும் ஒன்பது.

கிளினிக்கில் ரோஹாயா
மருந்துப் பையின் முதுகில் வரைந்தாள்:
தலைப்பிரட்டைகள் இரண்டு வரிசை,
தலையெல்லாம் தண்ணீர்ப் பக்கம்,
வாலெல்லாம் ஒன்றையொன்று பார்த்து.
இதுதான் செல்லின் சுவர், ஆன்ட்டி.
வெறும் கொழுப்பு.
உங்கள் செம்பனையில் வடிகிற கொழுப்பு ஒன்று
இதிலும் உண்டு.

பத்தொன்பது வருஷம் அந்த எண்ணெய் வாடை
என் தலைமுடியில்தான் இருக்கிறது என்று
ஷாம்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

காற்று கேட்காமலே நுழையுமாம் அந்தச் சுவரில்,
ஜாகா வளர்க்கும் நாய் மாதிரி.
தண்ணீருக்குத் தனிக் குழாய்,
ஒற்றை வரிசை, இடிக்காமல்.
சீனிக்கு மட்டும் வாசல் வேண்டும்,
வாசலில் ஓர் ஆள் வேண்டும்.

சிறுநீரகத்து ஆள் கொஞ்சம் கறார்.
சீனியைத் தனியே விடமாட்டான்,
கூட உப்பு வரவேண்டும்.
எங்கள் மில்லிலும் அதே கதை:
கெலிண்டான் இல்லாமல் டிரைவர் மட்டும் வந்தால்
லோரியைத் திருப்பு.

உப்புக்கு என்ன அவசரம் உள்ளே வர?
பின்கட்டில் ஒருவன் அதை அள்ளி
வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறான்.
மூன்று வெளியே, வேறு ஜாதி உப்பு இரண்டு உள்ளே.
மூன்று வெளியே, இரண்டு உள்ளே.
நான் தின்ற சோற்றில் ஒரு பங்கு
அவன் கைக்கூலி.
அவன் நிறுத்தினால் அன்றைக்கே நான் இல்லை.

வடிந்து போகவிருந்த சீனியை
இவர்கள்தான் பொறுக்கிப் பொறுக்கி
எனக்கே திருப்பித் தந்திருக்கிறார்கள்.
என்ன விசுவாசம்.
கோபப்படக்கூட முடியவில்லை.

புது மாத்திரை
அடிப்பதில்லை, உடைப்பதில்லை.
அந்த வாசலில்
நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

அன்று மாலை தில் பகதூரைப் பார்த்தேன்,
கேட்டுக் கம்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி.
எட்டு வருஷமாய்ப் பார்க்கிற ஆள்தான்.
பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில்.
பெர்மிட் அடுத்த மாதம், அடுத்த மாதம்.
முன் கேட்டிலிருந்து பின் கேட்டுக்கு மாற்றுவார்கள்,
பின் கேட்டிலிருந்து முன் கேட்டுக்கு.
சுவரிலேயே பாதி முங்கி
சுவரோடு மிதக்கிற ஆள்.
உள்ளே வருகிறவனும் இல்லை அவன்,
வெளியே போகிறவனும் இல்லை.

இன்று எத்தனை லோரி, காக்கா?
அவன் மலாய் எப்போதும் அவசரமாய் இருக்கும்.
நூற்றுப் பதினொன்று, என்றேன்.
பன்னிரண்டு, என்றான்.
மறுபடி எண்ணினேன்.
பன்னிரண்டுதான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை
குளியலறைக்குள் என் வீட்டுக்காரர் சத்தம்:
யாரடி இங்கே சீனியைச் சிந்தினது?

போய்ப் பார்த்தேன்.
கதவிடுக்கில் தொடங்கி, வாளியைச் சுற்றி,
கால்வாய் ஓட்டை வரைக்கும்
சிவப்பாய் ஒரே வரிசை.
தள்ளுமுள்ளு இல்லை.
எதிரெதிரே வருவது ரெண்டும்
நின்று முகர்ந்து
வழி விட்டுக்கொள்கின்றன.

நான்தான், என்றேன்.
எவ்வளவு?
தெரியாது, பரஞ்சோதி.
எடை போடவில்லை.